புதுப்பிப்பு: பொதுக் கோப்புறையின் அனுமதிச் சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டிருந்தது இதுதான்: உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) கணினியில் ஒரே பயனர் குழுவில் உள்ள மூவர் ஒரு கோப்புறையைப் பகிர்கிறோம், ஒருவர் உருவாக்கும் கோப்பை மற்ற இருவரால் திருத்த முடியவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது. புதிய கோப்பு கோப்புறையின் குழுவுக்குப் போகாமல், உருவாக்கியவரின் முதன்மைக் குழுவுக்கே போய்விடுகிறது. உபுண்டுவில் அந்த முதன்மைக் குழு ஒவ்வொருவருக்கும் தனித்தனி.

கோப்புறைக்கு 2770 என்ற அனுமதி எண்ணைக் கொடுத்தேன். இதில் 770 என்றால் உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. முன்னால் நிற்கும் அந்த 2 தான் செட்ஜிஐடி (setgid) என்ற சிறப்பு அனுமதி. இப்போது உள்ளே உருவாகும் கோப்புகள் கோப்புறையின் குழுவையே பெறுகின்றன. புதிய துணைக் கோப்புறைகளும் அந்த 2-ஐ ஏற்கின்றன. வேறிடத்திலிருந்து நகர்த்தி வைக்கும் கோப்பு மட்டும் பழைய குழுவிலேயே இருக்கும், கவனியுங்கள்.

அதோடு முடியவில்லை. யுமாஸ்க் (umask, புதிய கோப்புகளுக்கு எந்த அனுமதிகளைத் தரக் கூடாது என்று சொல்லும் அமைப்பு) 022 ஆக இருந்ததால் கோப்புகள் 644 என்றே உருவாயின. குழுவினர் படிக்கலாம், எழுத முடியாது. 002 ஆக்கியதும் 664 வந்தது, குழுவினரும் எழுத முடிந்தது. பழைய கோப்புகளுக்குக் குழுவையும் அனுமதியையும் கையால் மாற்றினேன்.

எல்லோருக்கும் முழு உரிமை தரும் 777 கொடுத்தாலே போதும் என்றவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். அந்தக் கணினியில் இயங்கும் வலைச் சேவையகத்தின் கணக்குக்கும் எழுதும் உரிமை போய்விடும்.

இன்னொன்று, கோப்பை அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அதைத் தாங்கும் கோப்புறையில்தான் இருக்கிறது. ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்கக் கூடாது என்றால் அதைத் தடுக்கும் ஸ்டிக்கி பிட்டையும் (அதன் எண் 1) சேர்த்து 3770 கொடுங்கள்.