ஒளியுணர், ஒளிவெட்டு, ஒளிகழல்: எது பொருந்தும்?

நண்பர்களுக்கு வணக்கம். நம் குறுநூலுக்காக 'photocleavable block copolymer' என்பதற்கு, அதாவது ஒளி பட்டால் இணைப்பு விடும்படி இருவேறு சங்கிலிகளைச் சேர்த்த பலபடிக்கு (polymer), தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

'ஒளியுணர் தொகுதிப் பலபடி' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று கடலூர் ஆசிரியை எழுதியிருந்தார். 'தொகுதிப் பலபடி' சரி. பலபடி என்பது நம் பாடநூலில் இருக்கும் சொல், பிள்ளைகளுக்குப் பழக்கம். 'ஒளியுணர்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒளி பட்டால் வடிவம் மாறும் பலபடி உண்டு, குறுக்கே பிணைந்து இறுகும் பலபடி உண்டு, அறுந்துபோவதும் உண்டு. எல்லாமே ஒளியுணர்தானே அம்மா?

நாம் எழுதுகிற பொருளைப் பாருங்கள். பாலிஸ்டைரீன் சங்கிலி ஒன்றும் பாலிஎத்திலீன் ஆக்சைடு சங்கிலி ஒன்றும் முனையோடு முனை சேர்ந்தவை. சண்டைக்கார மாடுகள் இரண்டை ஒரே கயிற்றில் கட்டியது போல, ஒவ்வாமல் விலகினாலும் தூரம் போக முடியாது. அதனால் சில பத்து நானோமீட்டர் அளவிலேயே பிரிந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. பங்கு குறைந்த சங்கிலி, இங்கே எத்திலீன் ஆக்சைடு, உருளைகளாகத் திரளும். சிலிக்கன் தகட்டில் சுழற்றிப் பூசி, கரைப்பான் ஆவியில் பக்குவமாக வைத்தால் அந்த உருளைகள் செங்குத்தாக நிற்கும். இது வாய்ப்பது சுலபமில்லை. உருளைகளைக் கரைத்துத்தான் துளை உண்டாக்குகிறோம், அவை படுத்துவிட்டால் துளை மறுபக்கம் வரை போகாது.

இரு சங்கிலிகளும் சேரும் இடத்தில் ஆர்த்தோ-நைட்ரோபென்சைல் எஸ்டர் என்ற பிணைப்பை வைத்திருப்பார்கள். 350 நானோமீட்டர் ஒட்டிய புற ஊதா ஒளி பட்டால் அந்த ஒரு பிணைப்பு மட்டும் விட்டுப்போகும். சங்கிலிகள் இரண்டும் முழுதாகவே இருக்கும். அப்புறம் மெத்தனாலும் நீரும் கலந்து அலசினால் எத்திலீன் ஆக்சைடு சங்கிலி கரைந்து வெளியேறும், அது நின்ற இடம் துளையாகும்.

பாலிஸ்டைரீனோடு பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட் சேர்ந்த பலபடியில் நடப்பது வேறு. அங்கே 254 நானோமீட்டர் ஒளி அந்தச் சங்கிலியையே துண்டு துண்டாக்குகிறது, ஸ்டைரீன் பக்கம் குறுக்கே பிணைந்து கெட்டிப்படுகிறது, அசெட்டிக் அமிலம் துண்டுகளைக் கழுவி எடுக்கிறது. அதற்கு 'ஒளிச்சிதைவு' சரியாகப் பொருந்தும். முதல் வகையில் எதுவும் சிதைவதில்லை. இந்த வேறுபாட்டை நம் சொல் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

காலாப்பட்டு நண்பர் சொன்ன 'ஒளிவெட்டு' வேண்டாம். மின்வெட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு அது ஒளி இல்லாமல் போவதாகவே படும். 'ஒளியறு' என்றாலும் ஒளி அற்றது என்று பொருள் திரும்பிவிடும். 'ஒளிமுறி'யும் ஆகாது. நாம் ஒளிவிலகல் என்பதை இலங்கையில் ஒளிமுறிவு என்கிறார்கள். 'பிளவு' என்றால் மாணவர் மனம் அணுக்கருவுக்குப் போய்விடுகிறது.

நான் முன்வைப்பது 'ஒளிகழல்'. ஆணி கழன்றது, சக்கரம் கழன்றது என்கிறோம். இரண்டு பொருள்கள் கெடாமல் இணைப்பு மட்டும் விடுவதைத்தான் அந்த வினை சொல்கிறது. 'ஒளிகழல் தொகுதிப் பலபடி' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை. பிணைப்பை 'கழலிணைப்பு' எனலாம். இதே போல வெப்பத்தால் விடுவதை 'வெப்பங்கழல்' என்று நீட்டவும் இடம் இருக்கிறது.

இப்படித் துளை விழுந்த படலத்துக்கு 'நுண்துளை' வேண்டாம், 'நானோத்துளை மென்படலம்' என்றே எழுதுவோம். பன்னாட்டு வேதியியல் வகைப்பாட்டில் துளையின் அகலம் 2 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒரு வகை, 2 முதல் 50 வரை இன்னொன்று, அதற்கு மேல் மூன்றாவது. 'நுண்' (micro) முதல் வகைக்கே வேண்டும். நம் துளைகள் பெரும்பாலும் நடுவகை. கடலூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் ஏறும் உப்பை இந்தப் படலம் தடுக்குமா என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். தடுக்காது, உப்பின் அயனிகள் 1 நானோமீட்டரை விடச் சிறியவை. 30 நானோமீட்டர் அளவுள்ள வைரஸை 15 நானோமீட்டர் துளை நிறுத்தும். அந்தக் கேள்வியைக் குறுநூலிலேயே சேர்த்துவிடலாம்.

இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும்: 'கழல்' அங்கே வேறு எந்தத் துறையிலாவது கலைச்சொல்லாகப் புழங்குகிறதா?