மறு: ‘செயலிழந்த வட்டு’ – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாள்களில் மடல்கள் குவிந்துவிட்டன. கையேடு வியாழன் காலை அச்சுக்குப் போகிறது. பல கணினி வட்டுகளை (டிஸ்க்) ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ‘ரெய்டு’ அணியில், அதை நடத்தும் லினக்ஸின் எம்டி இயக்கி ஒரு வட்டை ‘ஃபால்ட்டி’ (குறையுள்ளது) என்று குறித்தால் தமிழில் என்ன எழுதுவது? நான் கேட்டது அவ்வளவுதான்.

சென்ற வெள்ளிக்கிழமை இங்கே மொரீசியஸில், ரோஸ் ஹில் மாலை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 4 வட்டுகள் கொண்ட ரெய்டு 5 அணி. ஒரு வட்டின் தரவு வடத்தைத் தளர்த்திவிட்டு, கோப்பு ஒன்றை எழுதச் சொன்னேன். திரையில், இயங்கும் வட்டுக்கு ஒன்றாக நான்கு ‘யூ’ நின்ற இடத்தில் மூன்றுதான் மிஞ்சின. ஓர் இடத்தில் வெறும் அடிக்கோடு. வட்டின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ‘எஃப்’, அதாவது ஃபால்ட்டி. பழைய கையேட்டில் ‘செயலிழந்த வட்டு’ என்றிருந்ததைப் படித்த மாணவி, “திஸ்க் ஆன் பான், மிஸ்” (வட்டு கெட்டுப்போச்சு) என்று கிரியோலில் சொல்லி வட்டைக் கழற்றிக் குப்பைக்கூடைக்கே கொண்டுபோய்விட்டாள். வட்டில் ஒரு குறையும் இல்லை. குறை நம் சொல்லில்தான்.

எழுதச் சொன்னதை வட்டு எழுதாவிட்டால் எம்டி அதை அணியிலிருந்து நீக்கிவைக்கிறது. வட்டு கெட்டதா, வடம் தளர்ந்ததா, மின்சாரம் தடுமாறியதா என்று அது விசாரிப்பதில்லை. படிக்கும்போது பிழை வந்தால் இவ்வளவு கடுமை காட்டாது. மற்ற வட்டுகளைக் கொண்டு கணக்கிட்டுத் தரவை மீட்டு, அதே இடத்தில் திரும்ப எழுதிப் பார்க்கும். அதுவும் தவறினால்தான் நீக்கம். ஆகவே நமக்கு வேண்டியது வட்டின் நோயைச் சொல்லும் சொல் அன்று, எம்டியின் தீர்ப்பைச் சொல்லும் சொல்.

மோக்கா ஐயா ‘பழுதுற்ற வட்டு’ என்கிறார். தொல்காப்பிய உரியியலின் ‘பழுது பயமின்றே’ என்பதைச் சான்று காட்டுகிறார். ஐயா, அந்தச் சூத்திரம் என் பக்கம் அல்லவா நிற்கிறது? பயன் இல்லாததே பழுது. வடத்தைச் செருகிச் சேர்த்ததும் அந்த வட்டு மறுபடி உழைத்தது. பழு, பழம், பழுது என்ற உங்கள் வேர் ஆராய்ச்சியை விரும்பிப் படித்தேன். ஆனால் அது தனி இழைக்கு உரியது.

டர்பன் தம்பி ‘ஃபெயில்டு டிஸ்க்’ என்றே இருக்கட்டும் என்கிறார். இங்கும் பிள்ளைகளுக்கு வீட்டுமொழி தமிழன்று, கிரியோல்தான், தம்பி. தமிழை வகுப்பில் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குச் சொல்லே பொருளைக் காட்ட வேண்டும். மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழின் இடம் மாறியதற்கு 1998இல் எழுந்த எதிர்ப்பையும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதையும் ஒருவர் நினைவூட்டினார். எனக்கும் அது பெருமைதான். ஆனால் தமிழுக்கு உரிய இடத்தைக் கேட்பது வேறு, பிள்ளைக்குப் புரிய வைப்பது வேறு.

நான் முதலில் எழுதிய ‘தள்ளிவைத்த வட்டு’ என்பதைக் கைவிடுகிறேன். ஊரைவிட்டுத் தள்ளிவைக்கும் கொடுமை அதில் ஒலிக்கிறது என்று காத்ர் போர்ன் அக்கா எழுதியது சரி. அதே காரணத்தால், ஒரு வட்டை இழந்த (‘டிகிரேடட்’) அணிக்கு ‘ஊன அணி’ என்ற பெயரும் வேண்டாம். ஒரு வட்டு போன ரெய்டு 5 அணியில் தரவு குறைவதில்லை, இன்னோர் இழப்பைத் தாங்கும் வலுதான் போய்விடுகிறது. ‘வலுக்குறைந்த அணி’ என்று வைத்துக்கொள்வோம்.

எம்டி நீக்கிவைத்த வட்டுக்கு இதுவரை ‘விலக்கிய வட்டு’ என்பதை ஆதரிப்பவர் ஐவர், ‘பழுதுற்ற’ என்பதை ஆதரிப்பவர் இருவர். சோதித்துப் பார்த்து உண்மையிலேயே கெட்டுப்போன வட்டுக்குப் ‘பழுதுற்ற’ என்பதை வைத்துக்கொள்கிறேன். ஐயா இதற்கும் இசையவில்லை. ‘விலக்கிய வட்டு’ என்றால் வட்டே எதையோ விலக்கியதாகவும் பொருள்படுமே என்று இன்று காலை எழுதியிருக்கிறார். ‘விலக்கப்பட்ட’ என்றால் அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. ‘விலக்கு வட்டு’ என்று வினைத்தொகையாக்கினால் தீருமா? புதன் இரவுக்குள் எழுதுங்கள்.