“எங்கட பக்கமோ, அவையின்ர பக்கமோ?”

தங்கச்சியின் மகனுக்கு 4 வயதில் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் உளைவு, அடிபடாமலே கண்டல். யாழ்ப்பாணத்தில் இரத்தம் பார்த்து, அன்றிரவே மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். அந்த அலைச்சலை இங்கே பலர் எழுதிவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு றிப்போட்டைப் பற்றி.

என்பு மச்சையில் எடுத்த மாதிரியை வெளியே அனுப்பியிருந்தார்கள். வந்த தாளில் ‘பரம்பரையலகு மீளொழுங்கு’ கண்டதாக இருந்தது. தங்கச்சி அதை அப்படியே போனில் வாசித்துவிட்டாள். எந்தக் குடும்பத்துப் பரம்பரையில் வந்தது என்று அம்மா கேட்ட முதல் கேள்விதான் தலைப்பு. தங்கச்சி அழத் தொடங்கிவிட்டாள். நான் உயிரியல் படிப்பிக்கிறவள், எனக்கே ஒரு கணம் திக்கென்றது.

பிறகு அம்மாவின் தையல் மெசினடியில் இருந்துதான் விளங்கப்படுத்தினேன். அவவிடம் வெட்டுத்துணிப் பெட்டிகள் உண்டு. பி கலம் என்பது கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரியைச் செய்கிற வெள்ளைக் கலம். ஒவ்வொரு பி கலமும் உருவாகும்போது, அந்தப் பிறபொருளெதிரிக்கான பரம்பரையலகைத் துண்டுகளிலிருந்து மூட்டிக்கொள்கிறது, மீளொழுங்கு என்பது இதுதான்: 14ஆம் நிறமூர்த்தத்தில் வீ (V), டி (D), ஜே (J) என மூன்று பெட்டி. வீ துண்டுகள் ஏறத்தாழ 40, டி இருபதுக்கு மேல், ஜே 6. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து மூட்டும். மூட்டுகிற இடத்தில் ஒரு நொதியம் தன் பாட்டுக்கு நாலைந்து டிஎன்ஏ எழுத்தைச் செருகியும் விடும். அதனால் ஒரு கலத்தின் மூட்டு இன்னொன்றுக்கு வராது. இது எனக்கும் உங்களுக்கும் எல்லாருக்கும் நடப்பது, நோயே இல்லை. இதைக் கண்டுபிடித்த சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.

மகனுடைய புற்றுநோய் அப்படியான ஒரே பி கலத்திலிருந்து பெருகுவதால் எல்லாப் பிரதியிலும் அதே மூட்டு. அதை அடையாளமாக வைத்து, மருந்து ஏறிய பிறகு மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். 10,000 கலத்தில் ஒன்று இருந்தாலும் பிடிபடும். இந்த வெட்டும் ஒட்டும் அந்தக் கலங்களோடு சரி, தாய் தகப்பனிடமிருந்து வருவதல்ல.

“அப்ப ஆரின்ர பிழையும் இல்லையோ?” என்றா அம்மா.

இன்னொன்றும் பயமுறுத்தியது. பி கல நோய் என்று சொல்லிவிட்டு, தாளில் ரீ (T) கலம் என்ற இன்னொரு வகை வெள்ளைக் கலத்தின் வாங்கிக்குரிய, அதாவது கிருமியை இனங்காணும் புரதத்துக்குரிய, மூட்டும் இருந்தது. இரண்டு புற்றுநோயா என்று டொக்டரைக் கேட்டேன். அவர் சிரித்தார். வெட்டி ஒட்டும் நொதியங்கள் அந்த இளங்கலங்களில் ஓயாமல் வேலை செய்வதால், பி கல நோயிலும் இது அடிக்கடி வருமாம். அடையாளம் இரண்டு கிடைப்பது நல்லதாம், நோய் திரும்பினால் ஒன்று மாறிப்போகவும் கூடும்.

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்:
என்ர மகளுக்கு இந்தப் பரிசோதனை செய்யவில்லை. கலத்தின் மேலுள்ள புரதங்களுக்கு நிறம் ஏற்றி, கலங்களை ஒவ்வொன்றாய் ஒளியால் பார்க்கிற புளோ சைட்டோமெட்ரியில்தான் மிச்சம் பார்த்தவை. முடிவு கெதியாய் வந்தது. ஆனால் எந்தப் பரிசோதனை என்றாலும் மச்சை எடுக்கிற ஊசி அதேதான் அக்கா. அன்றைக்கு முழுக்க இடியப்பம்கூட வேண்டாமென்று படுத்திருந்தாள். உங்கட பிள்ளைக்கு முதல் மாத முடிவில் என்ன வந்தது?

பதில்:
இரண்டு மூட்டும் அகப்படவில்லை. ஆனாலும் மருந்து இரண்டு வருடத்துக்கு மேல் தொடரும் என்றார்கள். அம்மா கேட்டா, “இல்லையெண்டால் பிறகேன் மருந்து?” 10,000இல் ஒன்றுக்கும் குறைவாக ஒளிந்திருந்தால் என்ன செய்வது என்றேன். அவவுக்கு அது பிடிக்கவில்லை.