ஜெலுத்தோங் பி பிளாக் குழு: ஸ்டோர் கடலை மூட்டை

பந்தல் பொறுப்பு: ஸ்டோர்ல 25 கிலோ நிலக்கடலை மூட்டையில ஓட்டை. உள்ளே பச்சைத் தூளும் இருக்கு. எலி கடிச்சதை எடுத்துட்டு மிச்சத்தை வறுக்கலாமா?

1-4 மளிகை மாமா: புழுக்கையைப் பாரு தம்பி. அரிசி மாதிரி 3–6 மி.மீ. இருந்தா சுண்டெலி. 1 செ.மீ. தாண்டினா பெரிய எலி, பொறியே வேற.

பந்தல் பொறுப்பு: அரிசி மாதிரிதான் மாமா.

9-2 லேப் அக்கா: சுண்டெலியை விடுங்க, பச்சைத் தூள்தான் பெரிய ஆள். மஞ்சள் கலந்த பச்சைன்னா அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் பூஞ்சையா இருக்கலாம். சுண்டெலி தின்னாலும் நாளுக்கு 3 கிராம் சொச்சம்தான்.

1-4 மளிகை மாமா: தின்னுறது 3 கிராம், போடுற புழுக்கை 50க்கு மேல. மூத்திரம் வேற!

9-2 லேப் அக்கா: சரிதான் மாமா, ஆனா அது கண்ணுக்குத் தெரியும். அந்தப் பூஞ்சை விடுற விஷம், அஃப்ளடாக்சின், தெரியாது. வறுத்தா கொஞ்சம் குறையும், ஒழியாது. பச்சையா இருக்கிறதைப் பொறுக்கிப் போட்டாலும் பக்கத்துக் கடலைக்குள்ள இழை ஓடியிருக்கும்.

7-5: அப்ப எலிக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தமே இல்லையா அக்கா?

9-2 லேப் அக்கா: இருக்கு லா. எலி கடிச்சுத் தோல் உடைஞ்ச கடலைதான் பூஞ்சைக்கு வாசல். ஓட்டை வழியா ஈரக் காத்தும் போகும். கடலையில ஈரம் 7%க்குள்ள இருந்தா பூஞ்சை பிடிக்காது. நம்ம பினாங்கு மழைக்குத் தரையில கிடக்கிற சாக்கு அதைச் சுலபமா தாண்டும். 30 டிகிரி சூடுன்னா அதுக்குக் கொண்டாட்டம்.

1-4 மளிகை மாமா: 1988ல பேராக்ல லோ ஷி ஃபன்னு ஒரு சீன நூடுல்ஸ் சாப்பிட்டு 13 பிள்ளைங்க போயிட்டாங்க. லோ ஷின்னா எலி, அந்த மீ பேர்லயே எலி இருக்கு, ஆனா சந்தேகம் விழுந்தது இந்த அஃப்ளடாக்சின் மேலதான்.

பந்தல் பொறுப்பு: அப்ப 25 கிலோவும் குப்பைக்கா 😭

9-2 லேப் அக்கா: முழுசும். கோழிக்கும் போடாதீங்க. 1960ல இங்கிலாந்துல லட்சம் வான்கோழி செத்த பிறகுதான் இந்த விஷமே தெரிய வந்தது. தீவனத்துல கடலைப் பிண்ணாக்கு. மாஸ்க் போட்டு, சாக்கை உதறாம பிளாஸ்டிக் பைக்குள்ள இறக்கிக் கட்டுங்க.

1-4 மளிகை மாமா: புழுக்கையைக் காய்ஞ்சபடி கூட்டாதே, தூசி மூக்குல ஏறும். குளோராக்ஸ் ப்ளீச் 1 பங்கு, தண்ணி 9 பங்கு ஊத்தி, 5 நிமிஷம் ஊறவிட்டுத் துடை. பென்சில் நுழையுற இடுக்குல சுண்டெலியும் நுழையும். ஸ்டீல் வுல் திணிச்சு மேல சிமெண்ட் பூசு. ஃபோம் அடிச்சா கடிச்சுத் துப்பிடும். பொறியைச் சுவரோரம் 2 மீட்டருக்கு ஒன்னு வை, தீனிப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கணும். புதுப் பொருள்னா பெரிய எலிதான் பயப்படும், சுண்டெலிக்குப் பயம் கிடையாது. மூணு நாள் மாட்டலேன்னா வச்ச இடம் தப்பு.

7-5: தீனிக்கு அந்தக் கடலையே வைக்கலாமா மாமா?

9-2 லேப் அக்கா: அதைத் தொடாதே! கடலை வெண்ணெய், பட்டாணி அளவு போதும்.

பந்தல் பொறுப்பு: சரி, நாளைக்குப் புது மூட்டை.

1-4 மளிகை மாமா: மூட்டையா வைக்காதே. மூடி இறுகுற டின்ல கொட்டி, பலகை மேல, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வை.