வீட்டு முற்றத்தில் செயற்கைப் புல் விரிக்க அனுமதி வேண்டுமா?

கேள்வி (திருப்பாலை):
வணக்கம். எங்கள் வீட்டின் முன்புறம் ஏறத்தாழ 300 சதுர அடி மண்தரை சும்மா கிடக்கிறது. கோடையில் போர் தண்ணீர் கீழே இறங்கிவிடுவதால் புல் வளர்க்கும் எண்ணத்தைக் கைவிட்டு, செயற்கைப் புல் விரிக்கலாம் என்றிருக்கிறோம். வேலைக்குப் பேசியவர், தரை முழுவதும் காங்கிரீட் போட்டு அதன்மேல் பசையிட்டு ஒட்டிவிடலாம் என்கிறார். கலிபோர்னியாவில் இதற்கெனத் தனிச் சட்டமே இருப்பதாகப் படித்தேன்; இங்கே எந்த விதியைப் பார்க்க வேண்டும்?

பதில் (நாகமலை புதுக்கோட்டை):
ஐயா, புல்லைவிட அதன் அடியில் போடப்போகும் காங்கிரீட்டைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் அதை வலியுறுத்துகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் மனையில் இறங்குவதற்கு இருக்கிற மண்ணையும் மூடிவிட்டால், அடுத்த கோடையில் போர் இன்னும் வேகமாக வற்றும். ஆகவே மண்ணைச் சமன்செய்து, மூன்று நான்கு அங்குலத்துக்கு ஜல்லியும் அதன்மேல் கருங்கல் தூளும் போட்டு இறுக்கி, அடியில் துளைகள் உள்ள விரிப்பை ஓரங்களில் ஆணியடித்துப் பொருத்தச் சொல்லுங்கள். மழைநீர்க் குழியின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் விரிப்பால் மறைக்காதீர்கள். தூர்வாரத் திறந்தாக வேண்டும்.

கலிபோர்னியாவில் வறட்சியின்போது, வீடுகளில் செயற்கைப் புல் இடுவதை நகராட்சிகள் தடுக்கக் கூடாது என்று 2015இல் சட்டம் வந்தது. 2023இல் அதைத் திருத்தி, தடை செய்யும் உரிமையை உள்ளாட்சிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பதில் (விளாங்குடி):
அண்ணா, இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இது இருக்கிறது. சித்திரை வெயிலில் பேரன் வெறுங்காலோடு இறங்கி அழுத பிறகுதான் அதன் சூட்டை உணர்ந்தோம். நேரடி வெயிலில் இதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசையும் தாண்டக்கூடும். தண்ணீர் தெளித்தால் சற்று நேரம் தணிந்து மீண்டும் சுடுகிறது, அப்படியானால் தண்ணீரை மிச்சப்படுத்தியதாகவும் ஆகாது. வேப்பமர நிழல் விழும் பக்கம் மட்டும் விரியுங்கள். இழைகளுக்கிடையே தூவ ரப்பர் துகள் வேண்டாம், மணலே போதும். விளையாட்டுத் திடல்களில் தூவும் அத்தகைய துகள்களின் விற்பனையை 2031க்குள் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் முடிவெடுத்தது, அவை நுண்பிளாஸ்டிக்காக மண்ணில் கலப்பதால்தான்.

பதில் (அண்ணா நகர்):
அடுக்குமாடியில் இருப்பவர்கள், பொது இடமாக இருந்தால் முதலில் குடியிருப்போர் சங்கத்தில் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காங்கிரீட் வேண்டாம் என்று வேலைக்காரரிடம் சொல்லிவிட்டேன். கிழக்கே நிழல் விழும் 100 சதுர அடியில் மட்டும் ஜல்லி போட்டு விரிக்கிறோம்; மீதி மண்ணாகவே இருக்கட்டும்.