சினை மாட்டுக்கு கோமாரி ஊசி போடலாமா? அம்மா விடவே மாட்டேங்கறாங்க

கோபி தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்துட்டு ஆறு மாசமா ஊர்லயே இருக்கேன், அப்பா இல்ல, நானும் அம்மாவும்தான். ரெண்டு ஜெர்சி கிராஸ் மாடு, ஒன்னு எட்டு மாச சினை, இன்னொன்னு கறவைல இருக்கு, அதோட கெடாரி (பொட்டை) கன்னுக்கு அஞ்சு மாசம். அது போக ஏழு வெள்ளாடு, இருபது நாட்டுக்கோழி, காவலுக்கு ஒரு நாய். அடுத்த வாரம் ஊருக்குள்ள கோமாரி ஊசி போட வர்றாங்களாம், அம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க வேண்டவே வேண்டாம்னு. போன தடவை ஊசி போட்ட மறுநாளே எட்டு லிட்டர் கறந்த மாடு அஞ்சரைக்கு இறங்கிருச்சு, கழுத்துல எலுமிச்சங்காய் சைஸ்ல கட்டி வேற. பக்கத்து தோட்டத்துல ஊசி போட்ட ஒரு வாரத்துல மாடு கன்னு வீசிருச்சு, அதான் குறைமாசத்துலயே கரு கலைஞ்சிருச்சுன்னும் சொல்றாங்க. எனக்கு இதுல அனுபவம் பத்தாதுங்க. போடலாமா வேண்டாமா?

ஆட்டுக்காரி:
தம்பி, பால் குறையறது உண்மைதான், பொய் சொல்ல மாட்டேன். எங்க மாடும் ரெண்டு நாள் குறைச்சுக் கறக்கும், மூணாம் நாள் நாலாம் நாள்ல தானா ஏறிரும். ஆனா ஊசி போடாம விட்டு கோமாரி வந்த மாட்டைப் பாத்திருக்கீங்களா? நான் 2013ல பாத்தேன். வாயெல்லாம் புண்ணு, எச்சில் கம்பி மாதிரி ஒழுகும், குளம்பு வெந்து நிக்க முடியாம படுத்துக்கும். பெரிய மாடு எப்படியோ தேறிருச்சு, ஆனா வெயில் ஏறுனா நாய் மாதிரி இரைக்கும், அப்புறம் சினையே புடிக்கல, அடிமாட்டு விலைக்குத்தான் போச்சு. கன்னு காலைல பால் குடிச்சுட்டு நின்னது, மத்தியானம் பாத்தா செத்துக் கெடக்கு. அந்த ரெண்டரை லிட்டர் பாலுக்கு கணக்குப் பாக்கறவங்க இதையும் சேத்துப் பாக்கோணும்.

இயற்கைவழி:
கோமாரிக்கு ஊசியே வேண்டாங்க. சீரகம் வெந்தயம் மிளகு ஊறவெச்சு அரைச்சு மஞ்சள் பூண்டு வெல்லம் தேங்காய்த்துருவல் சேத்து வாய்ல தடவுனா போதும், கால்நடை பல்கலைக்கழகத்துலயே சொல்லித் தர்றாங்க. எல்லாம் மருந்துக் கம்பெனி வியாபாரம்.

பழைய ஊசிக்காரன்:
கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவன் தம்பி, மாடுகிட்ட உதை வாங்குன முழங்கால் இன்னும் வலிக்குது. ஒவ்வொன்னா சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

முதல்ல இயற்கைவழி சொன்னது. அந்த அரைப்பு நல்ல மருந்து, நானே சொல்லிக் குடுத்திருக்கேன், ஆனா அது நோய் வந்த பிறகு வாய்ப்புண் ஆத்தறதுக்கு, வராம தடுக்க இல்ல. அரசு போடற கோமாரி ஊசிக்கு நீங்க காசே குடுக்கறதில்ல, அப்புறம் என்ன வியாபாரம். வெக்கை நோய்னு ஒன்னு இருந்துச்சு, பட்டி பட்டியா மாட்டைக் காலி பண்ணும், அதை ஊசி போட்டுப் போட்டே உலகத்தை விட்டு ஒழிச்சு 2011ல அறிவிச்சாங்க. இன்னிக்கு எந்த பயலுக்கும் அது எப்படி இருக்கும்னே தெரியாது, அதனாலதான் ஊசி மேலயே சந்தேகம் வருது.

சினை மாட்டு விஷயம். கோமாரி ஊசில இருக்கறது செத்த கிருமி, கருவைக் கலைக்கற சரக்கு ஒன்னும் இல்ல. ஆனா ஏழு மாசம் தாண்டுன மாட்டை நாலு பேர் சேந்து மூக்கணாங்கயிறு புடிச்சு இழுத்து, அது திமிறி விழுந்துச்சுன்னா ஆபத்து. அதனால உங்க எட்டு மாச சினையை இந்த தடவை விட்டுருங்க, கன்னு போட்டு ஒரு மாசம் கழிச்சு மாட்டாஸ்பத்திரிக்கு சொல்லி மறக்காம போட்டுக்கோங்க. அம்மா சொல்றதுல பாதி நியாயம் இருக்கு.

பக்கத்து தோட்டத்துல கன்னு வீசுனதுக்கு ஊசிதான் காரணம்னு முடிவு கட்டாதீங்க. புருசெல்லோசிஸ்னு ஒரு கன்றுவீச்சு நோய் இருக்கு, அது மனுசனுக்கும் ஒட்டும், வீசுன கன்னையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கைல எடுத்தா மாசக்கணக்குல காய்ச்சல் வரும். அதுக்கு கெடாரி கன்னுக்கு மட்டும் நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள ஆயுசுக்கு ஒரே ஒரு ஊசி. காளைக்கன்னுக்கும் சினை மாட்டுக்கும் போடக்கூடாது. உங்க கெடாரிக்கு அஞ்சு மாசம்னா இப்போதான் சரியான நேரம், கோமாரியும் அதுக்கு முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு பூஸ்டர்னு ரெண்டாவது ஊசி, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. ரெண்டையும் எப்போ எப்போ போடறதுன்னு டாக்டர் சொல்லுவார்.

கட்டி வர்றது மருந்துல எண்ணெய் கலந்திருக்கறதால, கொஞ்ச நாள்ல கரைஞ்சிரும். சீழ் புடிச்சா மட்டும் ஊசி சுத்தமில்லைன்னு அர்த்தம். ஒரே ஊசில தெருவையே குத்திட்டுப் போற ஆளும் இருக்காங்க, நம்ம மாட்டுக்குப் புது ஊசி மாத்துங்கன்னு கேக்கறதுல தப்பே இல்ல, ஐஸ் பெட்டி இருக்கான்னும் பாருங்க. இன்னொன்னு, ஊசி வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். ஏற்கனவே கிருமி ஏறுன மாட்டுக்குப் போட்டா நாலு நாள்ல நோய் வெளிய வரும், பழி ஊசி மேல விழும்.

ஆட்டுக்காரி:
ஆட்டையும் மறந்துறாதீங்க தம்பி. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு தடவை ஊசி போட்டா மூணு வருசம் தாங்கும். துள்ளுமாரி நோய்க்கு வருசா வருசம், மழை பேஞ்சு புதுப்புல்லு தலையெடுக்கறதுக்கு முன்னாடியே போட்டுரோணும். கொழுகொழுன்னு இருக்கற ஆடுதான் முதல்ல துள்ளி விழும், வயிறெரியும். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராம இருக்க, குஞ்சுக்கு ஒரு வாரத்துல கண்ல சொட்டு, ரெண்டு மாசத்துல ரெக்கைக்கு அடில ஊசி. தூங்கி வழியற கோழிக்குப் போட்டு பிரயோஜனம் இல்ல. கரைச்ச மருந்தை ஐஸ்ல வெச்சு உடனே முடிச்சிரோணும், நான் ஒரு தடவை டீ குடிச்சிட்டு வந்து போட்டேன், பதினாலு கோழி போச்சு.

கோபி தோட்டம்:
ரொம்ப நன்றிங்க அக்கா, ஐயா. நேத்து கேம்ப் முடிஞ்சுது. சினை மாட்டை விட்டுரலாம்னு நீங்க சொன்னதைப் படிச்சுக் காட்டுனதும்தான் அம்மா இறங்கி வந்தாங்க, கறவை மாட்டுக்கு அவங்களே கயித்தைப் புடிச்சுக்கிட்டு "புது ஊசி மாத்துப்பா"ன்னு கேட்டும் போட்டாங்க. இன்னிக்கு காலைல ஒன்னரை லிட்டர் கம்மி, என்னையவே மொறைச்சுப் பாக்கறாங்க. கெடாரிக்கு காதுல தோடு போட்டு பன்னெண்டு இலக்க நம்பர் எழுதிக் குடுத்திருக்காங்க. இப்போ நாய்தான் பாக்கி, வெறிநாய் ஊசி இதுவரைக்கும் போட்டதே இல்ல, யாரையும் தொட விடாது, எப்படிக் கொண்டு போறது?

பழைய ஊசிக்காரன்:
அதை முதல்ல முடிங்க தம்பி. நாய்க்கு வெறி புடிச்சா அது கடிச்ச மாட்டுக்கும் வரும், கடி வாங்குன மனுசன் சோப்புப் போட்டு ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போகோணும். நாயை காலைல சோறு போடாம பசியோட வெச்சு, பழகுன ஆள் கையால வாயைத் துணியால கட்டி, சாக்கை மூடிக் கூட்டிட்டுப் போங்க. முடியலன்னா கால்நடை உதவிக்கான 1962 நம்பருக்கு போன் பண்ணி கேளுங்க. அம்மா சொன்னா கேக்குமா அந்த நாய்?

கோபி தோட்டம்:
அம்மா சொன்னா மட்டும்தான் கேக்கும் ஐயா. அதான் இப்போ பிரச்சனையே.