நாகர்கோவிலில் கேட் போட்ட குடியிருப்பு: அம்மா அப்பாவுக்கு வாங்கலாமா?

ஆசாரிபள்ளம்காரி:
நான் துபாயில் இருக்கிறேன். ஊரில் அம்மாவும் அப்பாவும் தனியாக. பழைய வீட்டை விட்டு, நாகர்கோவில் பக்கம் கேட்டட் கம்யூனிட்டியில் ஒரு வில்லா பார்க்கிறேன். ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் ஓடிவர வாட்ச்மேனாவது இருப்பாரே என்பதுதான் என் எண்ணம். என்ன சொல்கிறீர்கள்?

சுசீந்திரம்_வயல்:
உங்கள் கவலை நியாயம்தான் அக்கா. ஆனால் அந்த வில்லா எந்த நிலத்தில் நிற்கிறது? சுசீந்திரம், தேரூர் பக்கம் வந்து பாருங்கள், நெல் விளைந்த வயலில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. வயலை மண்ணடித்து உயர்த்தி மதில் எழுப்பினால் உள்ளே தண்ணி ஏறாது, சரி. மதிலுக்கு வெளியே தாழ்வில் இருக்கிற வீடுகளுக்குள்தான் அது போகும். 2021 நவம்பர் வெள்ளத்தை அதற்குள் மறந்துவிட்டோமா?

தக்கலை_தம்பி:
வயலை அழிப்பதை நானும் எதிர்க்கிறேன் அண்ணே. அதற்காக வாங்குகிறவர்களைக் குறை சொல்லாதீர்கள். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியானது. எங்கள் சொந்தக்காரர்கள் தெருவில் இன்னமும் விளக்கு எரியவில்லை, குப்பை தேங்குகிறது, நாய்த்தொல்லை வேறு. மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டினால் இதெல்லாம் தீரும் என்றால், வயசானவர்களை வைத்திருக்கிறவர்கள் கட்டத்தான் செய்வார்கள்.

சுசீந்திரம்_வயல்:
கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கிறவர்களே தெருவுக்கு நாலு பேர்தான் தம்பி. அவர்களும் மதிலுக்குள் போய்விட்டால் மிச்சமிருக்கிறவர்களுக்காக யார் பேசுவது? இன்னொன்று, அப்ரூவல் வாங்கிய மனைப்பிரிவில் சாலைகளைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அது பொதுச்சாலை. அதில் கேட் போட்டு ஆளை மறிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

குளச்சல்_அக்கா:
எங்கள் அம்மா இப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறார். பாதுகாப்பு உண்மைதான், நிம்மதியாகத் தூங்குகிறேன். ஆனால் மீன் கொண்டுவருகிற அக்காவை கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நாலு சாளை வாங்க அம்மா முட்டுவலியோடு கேட் வரைக்கும் நடக்கிறார். முன்பெல்லாம் அந்த அக்கா திண்ணையில் சட்டியை இறக்கி வைத்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் போவார். அம்மாவுக்கு அந்தப் பேச்சுதான் இப்போது இல்லை.
வாட்ச்மேனும் அறுபதைத் தாண்டியவர், பன்னிரண்டு மணி நேர வேலை. அவரை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

ஆசாரிபள்ளம்காரி:
மீன்கார அக்கா விஷயம் மனசை என்னவோ செய்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சரி, வாங்குவதென்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தக்கலை_தம்பி:
ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள். 2016 சட்டப்படி திட்டத்தின் மொத்த நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். கட்டுமானக் குறை ஐந்து வருஷத்துக்குள் தெரிந்தால் பில்டர்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு வழக்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சுசீந்திரம்_வயல்:
அதற்கெல்லாம் முன்னால் சர்வே எண்ணை வாங்கி, நிலம் என்ன வகை என்று காட்டுகிற வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கும். நஞ்சை என்று இருந்தால், கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த இடம் வேண்டாம் அக்கா.